வெள்ளத்தில் நின்ற வண்டிக்குள் என்ன நடக்கிறது?

2023 மார்ச்சில் பத்து பாகாட் மாவட்டத்தைச் சூழ்ந்த வெள்ளம் சீக்கிரம் வடியவில்லை. ஸ்ரீ மேடான், யோங் பெங் வட்டாரங்களில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி நின்றது. இப்படித் தண்ணீர் வற்றியதும் நாம் என்ன செய்கிறோம்? இருக்கைகளை வெயிலில் காய வைக்கிறோம். இன்ஜின் எண்ணெயை மாற்றுகிறோம். வண்டி ஸ்டார்ட் ஆனால் நிம்மதியாகிறோம். கியர் எண்ணெயை யாரும் பார்ப்பதில்லை. சில வாரங்களில் வண்டி கியர் மாறும்போது உதறும், அல்லது மேட்டில் ஏறாமல் இரையும். அப்போது வருகிற பட்டறைச் செலவு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும்.

ஆட்டோ கியர்பெட்டி முழுக்க மூடிய பெட்டியல்ல. சூட்டில் விரியும் காற்று வெளியேற, அதன் மேற்பகுதியில் ஒரு சிறு மூச்சுத்துளை இருக்கிறது. ஓடிச் சூடான கியர்பெட்டி குளிர்ந்த வெள்ளநீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். அந்தத் துளை நீருக்குள் இருந்தால், காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

உள்ளே போன தண்ணீர் துருப்பிடிக்க வைப்பதோடு நிற்பதில்லை. கியர் மாற்றும் கிளட்ச் தகடுகள் எஃகுதான். ஆனால் அவற்றின் மேல் காகிதம் போன்ற உராய்வுப் பட்டை பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டை தண்ணீரை உறிஞ்சி ஊறும். பசை விடும். உரிந்த நார்கள் எண்ணெயோடு ஓடி, வால்வுகளின் நூல் போன்ற பாதைகளை அடைக்கும். கெடுதல் மெதுவாக நடப்பதால்தான் வெள்ளத்தையும் பழுதையும் நாம் தொடர்புபடுத்துவதில்லை.

எனவே தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் ஏறியிருந்தால் இன்ஜினை முடுக்கவே வேண்டாம். முடுக்கினால் பம்ப் அந்தத் தண்ணீரை எல்லாப் பகுதிக்கும் அனுப்பிவிடும். கியர் எண்ணெய்க்கு அளவுகோல் உள்ள வண்டியானால் அதை உருவி, வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல எண்ணெய் ரோஸ் சிராப் போலத் தெளிந்த சிவப்பாக இருக்கும். சிராப் பண்டுங் போலப் பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. வண்டியை மேடை லாரியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள். இயக்கச் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப் போனால், பம்ப் ஓடாத நிலையில் கியர்பெட்டி எண்ணெயில்லாமல் தேயும்.

ஒருமுறை வடித்து ஊற்றினால் போதாது. டார்க் கன்வெர்ட்டரிலும் குளிர்விப்பானிலும் பாதிக்கு மேல் பழைய எண்ணெய் தங்கிவிடும். பல முறை கழுவி மாற்ற வேண்டும்.

வெள்ளம் வராத ஆண்டிலும் இந்தச் சொட்டுப் பரிசோதனை உதவும். கோப்பி ஓ நிறமும் கருகிய வாடையும் அதிகச் சூட்டின் அடையாளம். எண்ணெயின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஏழு பேரும் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு தைப்பூச நெரிசலில் பத்துமலைக்கு ஊர்ந்து போவது அதற்குக் கடுமையான வேலை.

அளவு பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் சூடாகி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்தினால் மேலே இருந்த எண்ணெய் கீழே இறங்கி, அளவு கூடுதலாகத் தெரியும். ஹோண்டாவில் மட்டும் பொதுவாக இன்ஜினை நிறுத்தியபின் பார்ப்பார்கள். கையேட்டைப் படியுங்கள். அளவுகோலே இல்லாத வண்டியைப் பட்டறையில்தான் பார்க்க முடியும்.

2009இல் வந்த முதல் அல்சாவில் இருப்பது நான்கு வேக கியர்பெட்டி. 2022இல் வந்த புதிய அல்சாவில் இருப்பது சிவிடி. சிவிடியில் எஃகுப் பட்டை எஃகுச் சக்கரத்தைப் பிடித்து ஓடுகிறது. அந்தப் பிடிப்புக்கேற்ற எண்ணெய் வேறு. பழைய வகையை ஊற்றினால் பட்டை வழுக்கும். சிவிடி எண்ணெய் சில வண்டிகளில் பச்சையாகவோ தேன் நிறத்திலோ இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது. அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போது முகவரிடம் கேளுங்கள்.