கடை திறந்திருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது!

மே மாதம் பிறந்துவிட்டால் சேர்வராயன் மலையில் கால் வைக்க இடம் இராது. ஒரு பக்கம் கோயில் திருவிழா, மறு பக்கம் கோடை விழா. 5326 அடி உயரத்தில் குகைக்குள் குனிந்து சென்று சேர்வராயரையும் காவேரி அம்மனையும் தரிசித்து வருகிற கூட்டம், மலை இறங்குமுன் மிளகும் காப்பித்தூளும் தேனும் வாங்காமல் போவதில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஊர் போய்ச் சேர்ந்த பிறகும், "அந்தக் காப்பித்தூளே வேண்டும்" என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்படிக் கேட்கிறவர் இன்று கடிதம் எழுதுவதில்லை, கைப்பேசியை எடுத்துக் கூகுளில் தேடுகிறார். தேடினால் நம் கடை வருகிறதா என்பதுதான் கேள்வி.

ஏற்காட்டில் நமக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் இதற்காகவே ஒரு இணையதளம் செய்து வைத்திருந்தார். செய்து கொடுத்தவருக்குப் பணமும் கொடுத்தாகிவிட்டது. படங்கள் அழகாக இருந்தன. "பேரைப் போட்டுத் தேடினாக்கூட நம்ம கடை வர மாட்டேங்குதுங்க. சீசனே முடியப் போகுது" என்று அவர் நம்மிடம் குறைப்பட்டுக் கொண்டார். கல்லாவை எண்ணி முடித்த ஓர் இரவு அவரோடு உட்கார்ந்து பார்த்தோம். சரக்கில் குறையில்லை, விலையிலும் குறையில்லை. பிழை ஒரே ஒரு சிறு கட்டத்தில் இருந்தது.

தளத்தைக் கட்டும்போது, வேலை முடியும்வரை வெளியார் பார்க்க வேண்டாம் என்று "தேடுபொறிகள் இதைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்" என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டு வைப்பார்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த தளங்களில் இந்தக் கட்டம் இருக்கும். வேலை முடிந்ததும் குறியை எடுக்க வேண்டும். இங்கே எடுக்க மறந்துவிட்டார்கள். கடைக்குச் சுண்ணாம்பு அடிக்கையில் தொங்கவிட்ட "இன்று விடுமுறை" அட்டையைத் திறப்பு விழா அன்றும் கழற்றாமல் விட்ட கதைதான்!

எப்படி வேலை செய்கிறது?

இதைப் புரிந்துகொள்ள, தேடுபொறி எப்படி இயங்குகிறது என்று சிறிது சொல்ல வேண்டும். மண்டிக்கு மண்டி நடந்து இருப்பும் விலையும் குறித்து வருகிற ஓர் ஆளை நினைத்துக் கொள்ளுங்கள். அதைப் போல ஒரு மென்பொருள் ஓயாமல் தளம் தளமாகச் சென்று, கண்டதை ஒரு பெரிய பேரேட்டில் எழுதி வைக்கிறது. நாம் தேடும்போது கூகுள் அந்த நேரத்தில் தெருவில் இறங்கிப் பார்ப்பதில்லை, பேரேட்டைத்தான் புரட்டுகிறது. பேரேட்டில் ஏறாத கடை, தேடுகிறவரைப் பொறுத்தவரை இல்லாத கடைதான்.

ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் காசு வேண்டாம். கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் "சைட்" என்ற நான்கெழுத்தைத் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியை இடுங்கள். பக்கங்கள் வரிசையாக வந்தால் நல்லது. ஒன்றுமே வராவிட்டால் வாசலில் பூட்டு என்று சந்தேகிக்கலாம். பூட்டு நாம் சொன்ன கட்டத்தில் இருக்கலாம், அல்லது "ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி" என்ற சிறு கோப்பில் இருக்கலாம். 1994 முதல் வழக்கத்தில் இருக்கும் கோப்பு இது. எந்த அறைக்குள் வரலாம், எதற்குள் வரக்கூடாது என்று அந்த மென்பொருளுக்குச் சொல்வது இதுதான். அதில் "டிஸ்அல்லோ" என்ற சொல்லை அடுத்து வெறும் சாய்கோடு ஒன்று மட்டும் நின்றால், கடை முழுவதற்கும் தடை என்று பொருள். ஒரே ஒரு சாய்கோடு!

இன்னும் விவரமாக அறிய விரும்புவோர்க்குக் கூகுளே "சர்ச் கன்சோல்" என்ற கருவியை இலவசமாகத் தருகிறது. எந்தப் பக்கம் ஏறியது, எது ஏறவில்லை, ஏன் என்று அதில் எழுதியிருக்கும். தளத்தின் பக்கங்களை வரிசைப்படுத்திய "சைட்மேப்" பட்டியலையும் அதில் கொடுக்கலாம். சரக்கோடு அனுப்பும் பட்டியலைப் போன்றது அது.

தமிழ் தெரியாத பேரேடு

நம்மவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. வெளியூர் நிபுணர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை, ஆகவே நாம் சற்று நின்று சொல்கிறோம்.

நோட்டீசும் விலைப்பட்டியலும் அச்சடிக்கப் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை இன்றும் நம் அச்சகங்களில் பயன்படுத்துகிறார்கள். தாளில் அடிக்க அவை போதும். ஆனால் அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தை ஒட்ட வைத்தவை. பாமினியில் "மிளகு" என்று நம் கண்ணுக்குத் தெரிவது, இயந்திரத்துக்கு கே, பி, எஸ், எஃப் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள்தான். அச்சகத்தில் வாங்கிய பட்டியலை அப்படியே தளத்தில் ஒட்டினால், மிளகு தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் எப்படிக் கிடைக்கும்?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. பின்னர் 2010-இல் யூனிகோடு முறையைத் தமிழக அரசே தரமாக ஏற்றது. கைப்பேசியில் நாம் தட்டும் தமிழ் யூனிகோடுதான். ஆகவே விலைப்பட்டியலைக் கைப்பேசியிலேயே தட்டித் தளத்தில் போடுங்கள் என்பது நம் யோசனை. பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகளும் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒரு முறை கண்ணால் படித்துப் பார்ப்பது நல்லது, கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதுண்டு.

பலகையைப் புகைப்படம் எடுத்து ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். படத்தில் உள்ள எழுத்தைப் பேரேடு எழுதுகிறவர் ஒழுங்காகப் படிப்பார் என்று நம்பக்கூடாது. விலையும் பெயரும் எழுத்தாகவே இருக்கட்டும், படம் பக்கத்தில் இருக்கட்டும். ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். சேர்வராயன், ஷெவராய் என்று ஒரே மலைக்கு இரண்டு வழக்கு. இரண்டும் பக்கத்தில் இயல்பாக ஓரிடத்தில் வரும்படி எழுதினால் போதும். இருபது முறை அடுக்கினால் அதைக் கூகுள் மோசடியாகவே கருதும்.

எல்லாப் பக்கத்துக்கும் "முகப்பு" என்றே தலைப்பு வைத்திருப்பதும் பரவலான பிழை. தேடல் முடிவில் பெரும்பாலும் முதலில் தெரிவது அந்தத் தலைப்புத்தான். மிளகுப் பக்கத்துக்கு மிளகு என்றும், காப்பிப் பக்கத்துக்குக் காப்பி என்றும் பெயர் வேண்டாமா?

கனம்

கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 4 மெகாபைட் என்று வையுங்கள். பத்துப் படம் போட்டால் 40. மலைமேல் சிக்னல் குறைந்து வினாடிக்கு 3 மெகாபிட்தான் வருகிறதென்றால், அந்தப் பக்கம் முழுதும் இறங்க ஏறக்குறைய 107 வினாடி ஆகும். யார் காத்திருப்பார்? பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. படத்தைச் சுருக்கி ஒவ்வொன்றையும் 100 கிலோபைட் அளவில் ஏற்றினால் பத்துப் படமும் சேர்ந்து 1 மெகாபைட்தான். மேலும், 2024 ஜூலையிலிருந்து கைப்பேசியில் திறக்கவே திறக்காத தளங்களைக் கூகுள் பேரேட்டில் ஏற்றுவதில்லை. கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்து மகிழ்ந்து பயனில்லை.

முகவரியின் முன் மூன்று டபிள்யூ இட்டும் இடாமலும், பாதுகாப்புச் சான்று உள்ள வடிவிலும் இல்லாத வடிவிலும் என்று ஒரே கடைக்கு நான்கு வாசல் திறந்திருப்பதும் உண்டு. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் நிரந்தரமாக அதற்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். பாதுகாப்புச் சான்று இலவசமாகவே கிடைக்கிறது. அது இல்லாத தளத்தை 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி "பாதுகாப்பற்றது" என்று காட்டுகிறது. அதைக் கண்ட பின் யார் பணம் செலுத்துவார்?

சாவி யாரிடம்?

இது எல்லாவற்றிலும் பெரிது. 2017 ஜனவரியில் கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சை டில்லிக்கு வந்து, சிறு வணிகர்களுக்கு இலவசமாகத் தளம் அமைத்துக் கொள்ளும் வசதி வரும் என்று அறிவித்தார். நம் நாட்டில் சிறு கடைக்காரர்கள் பலர் அப்படித் தளம் அமைத்து, அந்த முகவரியைப் பையிலும் பில்லிலும் அச்சடித்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அந்தத் தளங்களை மூடிவிட்டது. அவ்வாண்டு ஜூன் 10 வரை, வந்தவர்களைக் கடையின் வரைபடக் குறிப்புக்குத் திருப்பிவிட்டது. அதன் பின் அதுவும் இல்லை. வாடகைக் கடையில் உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் போக வேண்டியதுதானே? குறை சொல்வதற்கில்லை. ஆனால் முகவரி நம் சொந்தப் பெயரில் இருந்தால், தளத்தை எங்கு மாற்றினாலும் வாடிக்கையாளர் வழி தவறமாட்டார்.

தளம் செய்தவரின் பெயரில் முகவரி பதிவாகியிருப்பதும், அவர் புதுப்பிக்க மறந்து முகவரி கைநழுவுவதும் நம் காதில் அடிக்கடி விழுகிற செய்திகள். பதிவு நம் பெயரில், நம் மின்னஞ்சலில் இருக்கட்டும். "மாதம் இவ்வளவு கொடுங்கள், முதலிடம் உறுதி" என்று போனில் பேசுகிறவர்களை நாம் நம்புவதில்லை. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பர இடம் வேறு கணக்கு, அதற்குப் பணம் கட்டலாம். சாதாரணத் தேடல் வரிசையைப் பணத்துக்கு வாங்க முடியாது.

ஏற்காட்டு நண்பரின் தளத்தில் அன்றிரவே அந்தக் குறியை எடுத்தோம், படங்களைச் சுருக்கினோம், பட்டியலை யூனிகோடில் தட்டினோம். பேரேட்டில் ஏறப் பத்துப் பன்னிரண்டு நாள் பிடித்தது. அதற்குள் விடுமுறைக் கூட்டம் இறங்கிவிட்டது. அந்த ஆண்டின் நஷ்டம் நஷ்டம்தான். முகவரி புதுப்பிக்க வேண்டிய தேதி, எந்த மின்னஞ்சலில் பதிவு, யாரிடம் கேட்பது என்று ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.