கோசாரட்ஸ்: எரிந்த ஊருக்குத் திரும்பி வந்தவர்கள்

போஸ்னியா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை சரயேவோ நகர முற்றுகையும் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையும்தான். தொண்ணூறுகளில் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிச் செய்திகளிலும் அந்தப் பெயர்கள் அடிக்கடி அடிபட்டன. அதே போரின் தொடக்கத்திலேயே, 1992ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்று நாட்களில் அழிக்கப்பட்ட கோசாரட்ஸ் என்னும் சிற்றூரை அறிந்தவர்கள் குறைவு. அந்த ஊர் அழிந்த கதையையும், அதன் மக்கள் அதைத் திரும்ப எழுப்பிய கதையையும் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும்.

ஊரும் மக்களும்

போஸ்னியாவின் வடமேற்கே, கோசாரா மலையின் அடிவாரத்தில், பிரியேடோர் என்னும் நகருக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கோசாரட்ஸ். போருக்கு முன் ஊரில் ஏறத்தாழ 4,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் போஸ்னியாக்குகள், அதாவது போஸ்னிய முஸ்லிம்கள். சுற்றியிருந்த கிராமங்களிலும் அவர்களே பெரும்பான்மை. பிரியேடோர் வட்டாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1991 கணக்கெடுப்பின்படி 1,12,000 பேரில் முஸ்லிம்கள் 44 விழுக்காடு, செர்பியர்கள் 42 விழுக்காட்டுக்குச் சற்று மேல். எஞ்சியவர்கள் குரோஷியர்களும் பிறரும். எல்லோரும் பேசியது ஒரே மொழிதான். ஒரே சுரங்கத்தில் வேலை செய்தார்கள். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்.

அந்த மண்ணுக்கு இன்னொரு பழைய காயமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டு கோடையில், ஜெர்மானியப் படையும் குரோஷிய உஸ்தாஷாப் படையும் கோசாரா மலையைச் சுற்றி வளைத்தன. ஆயிரக்கணக்கான செர்பியக் குடியானவர்கள் கொல்லப்பட்டார்கள். எண்ணற்றோர் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். யூகோஸ்லாவியா உடையத் தொடங்கியபோது, தேசியவாதத் தலைவர்கள் அந்த நினைவைக் கிளறிவிட்டு, "இனி அப்படி நடக்க விடமாட்டோம்" என்று அச்சத்தை வளர்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பகைவனாகத் தெரிய ஆரம்பித்தது அப்படித்தான்.

மூன்று நாட்கள்

1992 ஏப்ரல் 30 அன்று விடியும் முன்பே, செர்பியக் கட்சியின் ஆட்கள் பிரியேடோர் நகர நிர்வாகத்தைக் கைப்பற்றினார்கள். செர்பியர் அல்லாதவர்கள் வேலைகளிலிருந்து நீக்கப்பட்டார்கள். கோசாரட்ஸைச் சுற்றிச் சாலைத் தடுப்புகள் எழுந்தன. தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டது. ஆயுதங்களை ஒப்படைத்துப் புதிய ஆட்சிக்குப் பணியும்படி கெடு விதிக்கப்பட்டது.

மே 24ஆம் தேதி பீரங்கித் தாக்குதல் தொடங்கியது. ஊரார் கையில் இருந்தவை சில துப்பாக்கிகள் மட்டுமே. மே 26ஆம் தேதி சரணடைந்தார்கள். வெள்ளைத் துணியை உயர்த்திப் பிடித்தபடி குடும்பம் குடும்பமாகச் சாலைக்கு வந்தவர்களில் ஆண்கள் தனியே பிரிக்கப்பட்டார்கள். அந்தச் சில நாட்களில் மட்டும் சுமார் 800 பேர் கொல்லப்பட்டதாகச் சர்வதேச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. செர்பியர்களின் சொத்துக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. மசூதி இடிந்தது, தேவாலயம் தப்பியது.

ஒரு வாரத்தில், மே 31 அன்று, பிரியேடோர் நகரில் செர்பியர் அல்லாதவர்கள் தங்கள் வீட்டில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும், வெளியே வரும்போது கையில் வெள்ளைப் பட்டை கட்ட வேண்டும் என்று உத்தரவு பிறந்தது.

முகாம்கள்

பிடிபட்டவர்களை அடைக்க மூன்று இடங்கள் பயன்பட்டன. ஓமர்ஸ்கா, ஓர் இரும்புத் தாதுச் சுரங்கம். கெராடெர்ம், ஒரு பீங்கான் தொழிற்சாலை. டெர்னோபோல்யே, ஒரு பள்ளிக்கூடமும் அதன் சுற்றுப்புறமும். ஓமர்ஸ்காவில் மட்டும் 3,000 பேருக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தார்கள். படித்தவர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், ஊர்த் தலைவர்கள் ஆகியோர் தேடித் தேடிக் கொண்டுவரப்பட்டார்கள். அடி, சித்திரவதை, பட்டினி, இரவில் பெயர் சொல்லி அழைத்துக் கொல்வது ஆகியவை அன்றாட நடப்பாயின.

1992 ஆகஸ்ட் 5 அன்று பிரிட்டிஷ் பத்திரிகையாளர் எட் வல்லியமியும், தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் பென்னி மார்ஷலும் இயன் வில்லியம்ஸும் ஓமர்ஸ்காவையும் டெர்னோபோல்யேயையும் நேரில் கண்டார்கள். முள்வேலிக்குப் பின்னால் விலா எலும்பு தெரிய நின்ற மனிதர்களின் படம் உலகெங்கும் பரவியது. அம்மாத இறுதிக்குள் ஓமர்ஸ்கா முகாம் மூடப்பட்டது.

பிரியேடோர் வட்டாரத்தில் கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் என்று உறவினர் சங்கங்கள் தொகுத்த பட்டியலில் 3,176 பெயர்கள் உள்ளன. அவர்களில் 102 பேர் குழந்தைகள். 2013ஆம் ஆண்டு தோமாஷிட்சா என்ற இடத்தில், சுரங்க நிலத்தின் ஆழத்தில், 430க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் ஒரே புதைகுழியிலிருந்து எடுக்கப்பட்டன. இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த தாய்மார்கள் அதன் பிறகுதான் அடக்கம் செய்ய முடிந்தது.

நீதியும் திரும்புதலும்

ஐ.நா. அமைத்த ஹேக் நீதிமன்றத்தின் முதல் வழக்கே கோசாரட்ஸைப் பற்றியதுதான். குற்றவாளி துஷ்கோ டாடிச், அதே ஊரில் காபிக்கடை நடத்தியவர். 1994இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கைதானார். சாட்சி சொன்னவர்களில் பலர் அவருடைய ஊரார். 1997இல் குற்றம் உறுதியாகி, மேல்முறையீட்டுக்குப் பின் 20 ஆண்டு சிறைத் தண்டனை நிலைத்தது. போர்க்காலப் பிரியேடோரின் தலைவராக இருந்த மிலோமிர் ஸ்டாகிச் 40 ஆண்டு தண்டனை பெற்றார். அவர் தொழிலால் மருத்துவர்!

1995ஆம் ஆண்டு டேட்டன் உடன்படிக்கை போரை நிறுத்தியது. பிரியேடோர் செர்பியக் குடியரசுப் பகுதியிலேயே தங்கிவிட்டது. வெளியேறியவர்கள் வீடு திரும்பலாம் என்று உடன்படிக்கை சொன்னாலும், முகாம்களை நடத்தியவர்கள் இன்னும் பதவியில் இருந்த ஊருக்கு யார் திரும்புவார்கள்? 1997 ஜூலையில் பிரிட்டிஷ் படையினர் பிரியேடோரில் கைது நடவடிக்கையில் இறங்கினார்கள். முன்னாள் காவல்துறைத் தலைவர் எதிர்த்துச் சுட்டதில் கொல்லப்பட்டார். மருத்துவமனை இயக்குநர் பிடிபட்டார். அதற்குப் பின் அச்சம் தளர்ந்தது.

அருகிலிருந்த சான்ஸ்கி மோஸ்ட் நகரில் தங்கியிருந்தவர்கள் 1998, 1999 ஆண்டுகளில் ஊருக்குள் வரத் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர்களில் பெண்கள் பலர். ஆண்களில் பலர் உயிரோடு இல்லை. இடிபாடுகளை அகற்றினார்கள், மசூதியைக் கட்டினார்கள், ஒவ்வொரு வீடாக எழுப்பினார்கள். ஆஸ்திரியா, ஸ்வீடன், ஜெர்மனி, அமெரிக்கா என்று சிதறிப்போன உறவினர் அனுப்பிய பணம் செங்கல்லாயிற்று. செர்பியர் ஆட்சிப் பகுதியில் முஸ்லிம்கள் இத்தனை பேர் திரும்பி வந்த ஊர்கள் மிகச் சில.

நினைவுக்கு ஓர் இடம்

2010ஆம் ஆண்டு கோசாரட்ஸின் நடுவில் 1,200க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. ஓமர்ஸ்காவின் கதை வேறு. 2004இல் அந்தச் சுரங்கத்தின் பெரும்பங்கை வாங்கியது, ராஜஸ்தானில் பிறந்த லட்சுமி மித்தலின் உருக்கு நிறுவனம். நினைவகம் அமைக்க 2005இல் நிறுவனம் இசைந்தது. உள்ளூர் எதிர்ப்பால் அடுத்த ஆண்டே அத்திட்டம் நின்றுபோயிற்று. 2012 லண்டன் ஒலிம்பிக்கிற்காக அதே குழுமத்தின் பெயரில் உயர்ந்த உருக்குக் கோபுரம் எழுந்தபோது, முகாமில் உயிர் தப்பியவர்கள் அதையே தங்கள் நாடுகடந்த நினைவகம் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு முதல் மே 31 அன்று பிரியேடோர் வீதியில் வெள்ளைப் பட்டை கட்டிய மக்கள், இறந்த குழந்தைகளுக்காக ரோஜா ஏந்தி நடக்கிறார்கள்.

இன்று குளிர்காலத்தில் கோசாரட்ஸின் வீடுகள் பல பூட்டியே கிடக்கும். கோடை வந்தால் வெளிநாட்டு எண் பலகை தாங்கிய கார்கள் தெருவை அடைக்கும், திருமணங்கள் நடக்கும். "உலகின் மிகப்பெரிய சிற்றூர்" என்று அவர்களே செல்லமாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்குக் கோடை விடுமுறையும் பூட்டிய வீடும் புதிதல்ல. நாம் விரும்பி வந்தோம், அவர்கள் துரத்தப்பட்டார்கள். ஆண்டுக்கு ஒரு மாதம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர்கள் அங்கே போய்த் தங்குவதற்குப் பின்னால் ஒரு பிடிவாதம் இருக்கிறது. இந்த ஊரில் இனி நீங்கள் இல்லை என்று சொன்னவர்களுக்கு, கதவைத் திறந்து விளக்கேற்றி அவர்கள் சொல்லும் பதில் அது.