நீருக்குள் முகம் பதித்த நாள்

கடற்கரை ஊரில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும் என்று உள்ளூர்ப் பக்கத்தில் வாழ்வோர் எண்ணுவதுண்டு. திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்த நான், முப்பது வயது வரை முழங்காலுக்கு மேல் கடல் நீர் படவிட்டதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை அம்மாவின் தம்பியை நிலாவெளிக் கரையிலிருந்து கொண்டு போயிற்று. அன்று முதல் எங்கள் வீட்டில் கடல் என்பது பேசப்படாத ஒரு சொல்.

பின்னர் ஆசிரியையான பிறகு, ஒரு நீச்சற் குளத்தில் பிந்தியேனும் நீந்தக் கற்றேன். குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சென்றுவிடுவேன். ஆனால் கால் நிலத்தில் படவில்லை என்று தெரிந்தவுடன் நெஞ்சு படபடக்கும். இத்தகைய அரைகுறை நீச்சற்காரியான என்னிடம் அண்ணனின் மகள் வந்து, "மாமி, நீங்களும் வந்தால்தான் அப்பா என்னைப் புறாத்தீவுக்கு விடுவாராம்" என்றாள். மறுக்க வாய் வரவில்லை. அந்த ஒரு நாளில் நான் கற்றவற்றை, என்னைப் போல அஞ்சும் மாணவிகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

புறாத்தீவு

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள இச்சிறு தீவு, மாடப்புறாக்கள் தங்குவதால் இப்பெயர் பெற்றது. 2003ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே தொடக்கம் செப்டெம்பர் வரையான மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். தீவைச் சுற்றியுள்ள முருகைக்கற் பாறைகளைக் காண அதுவே ஏற்ற காலம்.

அவற்றைக் காண ஆழத்துக்கு மூழ்க வேண்டியதில்லை. முகத்தில் கண்ணாடியும் வாயில் ஒரு குழாயும் இருந்தால், நீரின் மேல் குப்புற மிதந்தபடியே மூச்சு விட்டுக்கொண்டு கீழே பார்க்கலாம். இதனையே ஸ்நோர்க்கலிங் என்கிறார்கள். இந்த யோசனை மிகப் பழையது. யானையின் தும்பிக்கையைப் பற்றி எழுதிய கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், நீரில் மூழ்குவோர் மேலிருந்து காற்றிழுக்கும் கருவிக்கு அதனை ஒப்பிட்டார்.

கண்ணாடி எதற்கு?

நீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவது ஏன்? கண்ணுக்குள் வரும் ஒளியைப் பெரும்பாலும் வளைப்பது விழிவெண்படலமே. காற்றிலிருந்து ஒளி வரும்போதுதான் அந்த வளைவு நன்கு நிகழும். நீரும் விழிவெண்படலமும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் முறிப்பதால், நீருக்குள் அவ்வளைவு இல்லாமற் போகிறது. கண்ணாடியானது கண்ணுக்கு முன் சிறிது காற்றை அடைத்து வைத்துப் பார்வையை மீட்டுத் தருகிறது. ஆயினும் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், சற்றுக் கிட்டவும் தோன்றும். எனவே பெரிய மீன் என்று கண்டு பயப்படுமுன், அது கொஞ்சம் சிறியதுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்!

கண்ணாடி முகத்துக்குப் பொருந்துமா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுக்க வேண்டும். கையை எடுத்த பின்னும் ஒட்டிக்கொண்டு நின்றால் பொருத்தம். ஓரத்தில் ஒரு மயிரிழை அகப்பட்டாலும் நீர் கசியும். ஆகவே தலைமயிரை இறுகப் பின்னிக்கொள்வது நல்லது.

குழாயும் கணக்கும்

பகைவரிடமிருந்து தப்பியவன் குளத்தடியில் ஒளிந்து, நாணற் குழாயால் மூச்சு விட்டான் என்று கதைகளில் படிக்கிறோம். ஓர் அடிக்கு மேல் இறங்கினால் அது பெரும் பாடாகும். நெஞ்சின் பரப்பு 30 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் என்று கொண்டால், 1 மீற்றர் ஆழத்தில் அதன் மேல் உள்ள கடல் நீரின் பாரம் ஏறத்தாழ 90 கிலோகிராம். அப்பாரத்தைத் தள்ளி நெஞ்சை விரித்து மேலிருந்து காற்றை இழுக்க நம் தசைகளால் இயலாது. அதனால்தான் குழாயைக் குட்டையாகச் செய்கிறார்கள்.

இனி என் அச்சத்துக்கு வருகிறேன். படகிலிருந்து இறங்கி முகத்தை நீரில் பதித்தேன். நாலைந்து மூச்சுக்குள் திணறல் வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் இல்லை. காற்று வந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும் மூச்சு முட்டியது. குழாயைத் துப்பிவிட்டுப் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். மாமாவின் நினைவு வந்தது. திரும்பிவிடுவோம் என்று சொல்லவே வாயெடுத்தேன்.

படகோட்டி வயது முதிர்ந்தவர். "மகள், நீங்க காத்து இழுக்கிறதிலதான் கவனம். விடுறதில கவனமில்ல. முதல்ல உள்ள இருக்கிறத நல்லா ஊதி விடுங்க" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது விளங்கிக்கொண்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். அமைதியாக இருக்கும் ஒருவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் காற்றை இழுக்கிறார். இதில் 150 மில்லிலீற்றர் அளவு தொண்டையிலும் மூச்சுக் குழாயிலும் தங்கி, நுரையீரலின் பயனுள்ள பகுதிக்குச் செல்வதில்லை. 2 சென்ரிமீற்றர் உள்விட்டமும் 40 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள குழாயின் கனவளவு ஏறத்தாழ 125 மில்லிலீற்றர். இரண்டையும் கழித்தால் மிஞ்சும் புதுக் காற்று 225 மில்லிலீற்றர். அது போதும், இன்னும் சற்று ஆழமாக இழுத்தால் தாராளம்.

பயந்தவளோ சிறு சிறு மூச்சாக இழுக்கிறாள். ஒரு மூச்சு 300 மில்லிலீற்றர் என்று வைத்தால், கிடைக்கும் புதுக் காற்று வெறும் 25 மில்லிலீற்றர்! மற்றதெல்லாம் தான் விட்ட காற்றையே தான் திரும்ப இழுப்பது. உடலில் காபனீரொட்சைட்டு சேரச் சேர மூச்சுத் திணறும். திணறத் திணறப் பயம் கூடும். பயம் கூடக் கூட மூச்சு இன்னும் சிறுக்கும். அச்சம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் விதம் இதுதான். அந்த வட்டத்தை அறுக்க ஒரே வழி, நீளமாக ஊதி விட்டு, நிதானமாக இழுப்பதே.

கடல் தாங்கும்

இரண்டாம் முறை உயிர்காப்பு அங்கியை அணிந்து, கால் எட்டும் இடத்தில் தொடங்கினேன். அண்ணன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். பத்து மூச்சை எண்ணினேன். பிறகு எண்ண மறந்துவிட்டேன்.

நீச்சற் குளத்து நீரைவிடக் கடல் நீர் நம்மை நன்கு தாங்கும். 1 கனமீற்றர் நன்னீர் 1,000 கிலோகிராம் என்றால், கடல் நீர் ஏறத்தாழ 1,025 கிலோகிராம். கைகால்களை அடித்துப் போராடுகிறவளே விரைவில் களைக்கிறாள். தளர்ந்து கிடப்பவளைக் கடல் ஏந்திக்கொள்கிறது.

கீழே பார்த்தேன். கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் காதில் விழுந்தது. மஞ்சள் நிற வண்ணாத்தி மீன்கள் இணை இணையாய்ப் போயின. செட்டை நுனி கறுத்த சிறு சுறா ஒன்று எங்களைக் கண்டதும் ஒதுங்கிச் சென்றது. அது மனிதரைத் தேடி வரும் இனமன்று. முருகைக்கல் என்று நாம் சொன்னாலும் அது வெறுங் கல்லுமன்று. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. கடல் நீர் அளவுக்கு மேல் சூடானால் அவ்வுயிர்கள் நிறமிழந்து வெளுத்துவிடும். 1998லும் 2016லும் உலகின் பல கடல்களில் அவ்வாறு நேர்ந்தது. அவற்றின் மேல் காலூன்றி நிற்பதும் ஒரு துண்டை ஒடிப்பதும் பெருந் தவறாகும்.

மறக்கலாகாதவை

தனியே ஒருபோதும் இறங்கலாகாது. துணையின் பார்வை எப்போதும் நம்மேல் இருக்க வேண்டும். நீரோட்டத்தைப் பற்றி உள்ளூரவரிடம் கேட்ட பின்னரே இறங்க வேண்டும். முதுகு வெயிலில் பொசுங்காதிருக்க நீண்ட கைச் சட்டை அணிய வேண்டும். குழாயில் நீர் புகுந்தால் ஒரே மூச்சாய்ப் பலமாக ஊதி வெளியேற்ற வேண்டும். அதனால்தான் நெஞ்சில் எப்போதும் சிறிது காற்று மீதி இருக்க வேண்டும். படபடவென்று பல முறை மூச்சை இழுத்துவிட்டு மூழ்கிப் பார்ப்பது மிக ஆபத்தானது. மூச்சுக்குத் தவிக்கும் உணர்வு வருமுன்னரே மயக்கம் வந்துவிடும். களைப்பு வந்தால் வெட்கப்படாமல் கரை சேர்வதே அறிவு.

அன்று மாலை வீடு திரும்பியபோது அம்மா திண்ணையில் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரவு சாப்பாட்டின்போதுதான், "உள்ளுக்கு எப்படிப் பிள்ளை இருக்கு?" என்றார். மீன்களைப் பற்றியும், பாறையைப் பற்றியும், வெயில் நீருக்குள் ஆடுவதைப் பற்றியும் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பிக்கு மீன் எண்டால் உயிர்" என்றார். பல ஆண்டுகளின் பின் அன்றுதான் எங்கள் வீட்டில் மாமாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம்.

அன்பு மாணவிகளே, ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது முதுமொழி. ஆழத்தைத் தெரிந்துகொள்ளவே கூடாது என்று அது சொல்லவில்லை. பெற்றோரே, கடல் சூழ்ந்த நாட்டில் வாழும் நம் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் ஒரு விளையாட்டு மட்டுமன்று. உயிர் காக்கும் கல்வியும் ஆகும். அச்சம் உள்ளவளே அவதானமாகக் கற்பாள். ஆகையால் அஞ்சுகிறவளை வீட்டில் இருத்தாமல், நல்ல ஆசானிடம், கால் எட்டும் நீரில், துணையோடு தொடங்கி வையுங்கள். முதலில் மூச்சை நன்றாக வெளியே விடக் கற்றுக்கொடுங்கள்.

— ஓர் ஆசிரியை