வளையத் தெரியாத தூசி

காஞ்சிபுரம் மூங்கில் மண்டபத்தில் பஸ் சட்டென்று திரும்பினால், கம்பியைப் பிடிக்காதவர் பக்கத்தில் நிற்பவர் மேல் சாய்ந்துவிடுவார். பஸ் திரும்பிவிட்டது, உடம்பு இன்னும் நேராகவே போகிறது. காற்றில் மிதக்கும் தூசிக்கும் இதே கதிதான். காற்று வளைந்தால் பொடித்தூசியும் கூடவே வளைந்துவிடும். கனத்த தூசியால் முடியாது. எதிரே இருப்பதில் போய் முட்டும்.

களத்தில் நெல் தூற்றியவர்களுக்கு இது பழகிய கதை: பதர் காற்றோடு போகும், மணி காலடியில் விழும். அரிசி ஆலைகளில் அதையே சைக்ளோன் செய்கிறது. கீழே குறுகிக்கொண்டே போகும் தகரக் கூடு அது. பக்கவாட்டில் நுழையும் காற்று உள்ளே சுழல, தவிட்டுத் தூசி சுவரில் மோதி வழுக்கி மூட்டைக்குள் இறங்கும். காற்று நடுக்குழாய் வழியே மேலே போய்விடும். அமெரிக்காவில் 1885-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள்.

மொட்டைமாடிகளில் காற்று மாசு அளக்க வைக்கும் பெட்டிகள் பலவற்றின் வயிற்றிலும் ஒரு சைக்ளோன் உண்டு. பருந்தூசி அடியிலுள்ள கிண்ணத்தில் தங்கும். தப்பி வரும் பொடி கண்ணாடி இழைத் தாளில் படியும். தாளை முன்னும் பின்னும் எடை போட்டால் கிடைப்பதுதான் செய்திகளில் வரும் 'பி.எம். 10'.

அந்தப் பத்து எவ்வளவு? காஞ்சிபுரத்துக்காரர்களிடம் பட்டை வைத்தே சொல்லலாம். பட்டுப்புழு விடும் நூலில் இரண்டு இழைகள் ஒட்டியிருக்கும்; ஒவ்வொன்றின் பருமனும் பத்து மைக்ரானைச் சற்றே தாண்டும். ஆனால் இந்தப் பத்தைச் சல்லடைக் கண் என்று நினைத்துவிடக் கூடாது. பத்து மைக்ரான் துகள்களில் பாதி சிக்கும், பாதி தப்பும், அவ்வளவுதான் கணக்கு.

இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க பிரிட்டன்காரர் கே.ஆர். மே என்பவர் 1945-ல் ஒரு வழி சொன்னார். காற்றை ஒரு துளை வழியே தகட்டின் மேல் பீய்ச்ச வேண்டும். அடுத்தடுத்த அடுக்குகளில் துளை சிறுக்கும், வேகம் கூடும்; முதல் தகட்டில் பருந்தூசியும் கடைசியில் நுண்தூசியும் ஒட்டும். ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலர் மருந்து நுரையீரல்வரை போகுமா என்பதை இன்றும் இவ்வகைக் கருவியில்தான் சோதிக்கிறார்கள்.

நம் மூக்கும் தொண்டையும்கூட இப்படிப்பட்ட வளைவுகளே. அங்கே சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போகக்கூடியது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி. இந்தியா 2009-ல் அதற்கு வைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராம், பி.எம். 10-க்கு 100.