ஜப்பானியப் பள்ளி நிறைவு விழாவில் காற்றிசைக் குழுவின் பாட்டுத் தெரிவு

ஜப்பான் நாட்டில் பள்ளியாண்டு ஏப்பிரல் திங்களில் தொடங்கி மார்ச்சுத் திங்களில் முடிவுறுகின்றது. ஆதலின் மார்ச்சுத் திங்கள்தோறும் அந்நாட்டுப் பள்ளிகளில் நிறைவு விழா நிகழும். உடற்பயிற்சிக் கூடமே பெரும்பாலும் விழா மண்டபமாக அமையும். பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர் வரிசையாக நடந்துவந்து அமர்வர், பெயர்கள் அழைக்கப்பெறும், தலைமையாசிரியர் சான்றிதழ் வழங்குவார், பின்னர் மாணவர் அதே வரிசையில் வெளியேறுவர். பல பள்ளிகளில் மாணவர்தம் காற்றிசைக் குழு இவ்வருகைக்கும் செல்கைக்கும் இசை வழங்குகின்றது. புல்லாங்குழல், கிளாரினெட்டு, சாக்சபோன், டிரம்பெட்டு, டிராம்போன், டியூபா முதலியவற்றோடு தாளக் கருவிகளும் சேர்ந்த இக்குழுவே நம்மவர் பாண்டு வாத்தியம் என வழங்குவது.

மாணவர் வெளியேறும்போது மக்களிடையே பரவிய மெல்லிசைப் பாட்டொன்றைக் குழு ஊதுவது இன்று பெருவழக்கு. எப்பாட்டை ஊதுவது என்னும் வினா சிறிதெனத் தோன்றும். ஆயினும் அதனுள் பெரியதொரு வினா அடங்கியுள்ளது. சொல்லின்றி ஊதப்படும் பாட்டில் சொல் உளதா, இலதா என்பதே அது. இதனை ஈண்டு ஆராய்வாம்.

வழக்கின் தோற்றம்

ஜப்பானில் மேலைக் காற்றிசை முறையாகக் கற்பிக்கப்பெற்றது 1869 ஆம் ஆண்டிலாகும். யோக்கொகாமா நகரில் ஜான் வில்லியம் பென்டன் என்னும் ஆங்கிலேயப் படைப்பிரிவு இசைத்தலைவர் சாட்சுமாப் பகுதி இளைஞர்க்கு அதனைப் பயிற்றினார். படைக்குரியதாக வந்த இக்கலை பின்னர்ப் பள்ளிக்குள் புகுந்தது. 1939 இல் நாடளாவிய கூட்டமைப்பொன்று தோன்றியது. 1940 இல் போட்டி தொடங்கிற்று. போரினால் தடைப்பட்ட அப்போட்டி 1956 இல் மீண்டும் உயிர்பெற்றது. 1972 முதல் இவாய் நவோஹிரோ போன்றோர் மெல்லிசைப் பாடல்களைக் காற்றிசைக்கெனத் திறம்பட அமைத்து ஒலித்தட்டுகளாகவும் இசையேடுகளாகவும் வெளியிட்டமையின், பள்ளிக் குழுக்கள் அவற்றை எளிதில் மேற்கொண்டன.

விழாப் பாட்டின் வரலாறு இதனினும் வேறானது. 1880களின் தொடக்கத்தில் அந்நாட்டுக் கல்வித்துறை பள்ளிப்பாடல் தொகுதிகளை வெளியிட்டது. அவற்றுள் வந்த 'ஹொதாரு நோ ஹிகாரி', அஃதாவது 'மின்மினியின் ஒளி', நெடுங்காலம் பிரிவுப் பாட்டாக நிலைபெற்றது. அதன் மெட்டு ஸ்காட்லாந்து நாட்டினது; நம் மோகன இராகத்தின் ஐந்து சுரங்களிலேயே முழுதும் இயங்குவது. 1884 இல் வெளிவந்த 'அஓகெபா தோதோஷி' ஆசிரியர்க்கு நன்றி கூறுவது. அதன் மூலம் எதுவெனப் பன்னெடுங்காலம் அறியப்படாதிருந்தது. 1871 இல் அமெரிக்காவில் அச்சான பாட்டு நூலொன்றில் அம்மெட்டு உள்ளமையை 2011 இல் ஜப்பானியப் பேராசிரியர் ஒருவர் கண்டு வெளிப்படுத்தினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தம்முடையதென மக்கள் கண்ணீருடன் பாடிய பாட்டு, அயல்நாட்டு மெட்டினது என்பது கருதத்தக்கது. பாட்டின் பிறப்பிடம் ஒன்று. அது வேர்கொள்ளும் இடம் பிறிதொன்று என்பதற்கு இது தக்க சான்றாம்.

விழாப் பாட்டாக ஆனவை

அவ்விரு பாடல்களின் மொழி பழையது. ஆதலின் பிற்காலத்துப் பள்ளிகள் பல புதுப் பாடல்களை நாடின. அவற்றை இரு வகையாகப் பகுக்கலாம்: விழாவிற்கென்றே இயற்றப்பட்டவை ஒன்று, வேறு பொருள்மேல் எழுந்து விழாவிற்கு வந்தவை மற்றொன்று.

முதல்வகைக்கு 'தபிதாச்சி நோ ஹி நி' (புறப்படும் நாளில்) எடுத்துக்காட்டாகும். 1991 ஆம் ஆண்டு சைத்தாமா மாநிலத்துச் சிச்சிபு நகரின் ககெமோரி நடுநிலைப்பள்ளியில், தலைமையாசிரியர் கொஜிமா நொபொரு சொல் எழுத, இசையாசிரியை சகமொதோ ஹிரோமி மெட்டமைத்தார். பிரியும் மாணவர்க்குப் பரிசாக ஆசிரியர்களே அதனைப் பாடினர். ஒருமுறை பாடுதற்கென எழுந்த அப்பாட்டு பின்னர் நாடெங்கும் பரவிற்று.

இரண்டாம் வகை இன்னும் வியப்புடையது. 1979 இல் கைஎந்தை என்னும் குழுவினர் பாடிய 'ஒகுரு கொதோபா' (வழியனுப்பும் சொற்கள்) உண்மையில் காதற் பிரிவைப் பற்றியது. பள்ளியாசிரியர் ஒருவரைத் தலைவராகக் கொண்ட தொலைக்காட்சி நாடகத்தில் அது ஒலித்தமையின் பள்ளிப் பிரிவின் பாட்டாயிற்று. 2004 இல் ரெமியொரொமென் குழுவினர் வெளியிட்ட 'சங்கட்சு கொகொனொகா' (மார்ச்சு ஒன்பது) நண்பர் ஒருவரின் திருமணத்திற்கென எழுந்தது. ஆயினும் மார்ச்சுத் திங்களின் பெயரைத் தாங்கியமையாலும் 2005 இல் வந்த நாடகமொன்றில் இடம்பெற்றமையாலும் நிறைவு விழாவிற்குரியதாக மாறிற்று. இவற்றால், பாட்டின் பொருளை ஆக்கியோன் மட்டும் அறுதியிடுவதில்லை என்பதும், கேட்போர்தம் வாழ்வும் அதனை ஆக்குகின்றது என்பதும் பெறப்படும்.

பாடப்படாத சொல்

இனி, முதல் வினாவிற்கு வருவோம். குழுவினர் ஊதுகின்றனர், யாரும் பாடுவதில்லை. ஆகவே சொற்களை நோக்க வேண்டுவதில்லை, மெட்டு இனிதாயின் போதும் எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. அறிந்த பாட்டின் மெட்டைக் கேட்டவுடன் அதன் சொற்கள் கேட்போர் உள்ளத்தில் தாமே எழுகின்றன. ஊதுவோர் விட்ட சொல்லைக் கேட்போர் நிரப்புகின்றனர்.

ஒசாக்கி யுதாக்கா 1985 இல் வெளியிட்ட பாட்டின் பெயரே 'சொட்சுக்யோ', அஃதாவது 'பள்ளி நிறைவு'. பெயரளவில் நோக்கின் இதனினும் பொருத்தமானது வேறில்லை. ஆனால் அப்பாட்டோ பள்ளியின் கட்டுப்பாட்டை எதிர்த்தெழும் இளைஞனின் குரல். இரவில் பள்ளிச் சாளரக் கண்ணாடிகளை உடைத்த செய்தியும் அதில் வருகின்றது. அதனைச் சொல்லின்றி ஊதினும் அவைக்கண் உள்ள பெற்றோர் பலர் செவியில் அக்கண்ணாடி உடையும். எனவே பெயரைக் கண்டு தெரிதல் கூடாது. முழுப் பாட்டையும் படித்தே தெரிதல் வேண்டும்.

இதற்கு மறுதலையும் உண்டு. கேட்போர் அறியாத பாட்டாயின் உள்ளத்தில் எச்சொல்லும் எழாது. நல்ல மெட்டு மட்டுமே எஞ்சும். ஆதலின் பிரிவோர் தம் பள்ளிக் காலத்தில் கேட்டும் பாடியும் பழகிய பாட்டே சிறந்தது. ஊதுவோர் விரும்பும் புதுப்பாட்டு அதற்கு அடுத்த நிலையினதே.

கருவியும் குளிரும்

சொல் பொருந்தினும் மெட்டு பொருந்துதல் வேண்டும். நம் இலக்கணத்தார் மாத்திரை எனக் கூறும் கால அளவு ஜப்பானிய மொழியொலிக்கு அடிப்படையாகும். மெல்லிசைப் பாடல்களில் ஒரு மாத்திரைக்கு ஒரு சுரமாகப் பல சொற்கள் ஒரே சுரத்தில் அடுக்கிவருதல் உண்டு. பாடும்போது மெய்யொலிகள் மாறுவதால் அது சலிப்பூட்டாது. ஊதும்போதோ ஒரே சுரம் மீண்டும் மீண்டும் தட்டப்படுவதாகவே கேட்கும். இத்தகைய பாட்டைக் கொள்ளின், முதற்பகுதியைப் புல்லாங்குழலுக்கும் அடுத்ததை சாக்சபோனுக்கும் எழுச்சிப் பகுதியை டிரம்பெட்டுக்கும் பகிர்ந்து, சொல் தந்த வேறுபாட்டைக் கருவியின் நிறத்தால் தருதல் வேண்டும்.

சுருதியும் நோக்கத்தக்கது. கிதாருக்கு எளிய 'ஈ' சுருதியில் அமைந்த பாட்டைக் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஊதுவதாயின், அவர்தம் ஏட்டில் ஆறு உயர்வுக் குறிகள் நிற்கும். அரைச்சுரம் இறக்கின் ஒரே ஒரு தாழ்வுக் குறியோடு முடியும். இளஞ்சிறார்க்கு இவ்வேறுபாடு பெரிது.

மார்ச்சுத் திங்களின் குளிரையும் மறத்தலாகாது. காற்றில் ஒலி 20 பாகை வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். 10 பாகையிலோ 337 மீட்டரே செல்லும். குழலின் நீளம் மாறாமையின் சுருதி தாழும். கருவி குளிர்ந்தே இருப்பின் இத்தாழ்வு அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு கூறு வரை ஆகும். நெடுநேரம் வாளாவிருந்து பின்னர் ஊதத் தொடங்கும் குழுவிற்கு, மெல்லிய உயர்சுரத்தில் தொடங்கும் பாட்டு இடர் தரும். நடுத்தரச் சுரத்தில் பலர் சேர்ந்து தொடங்கும் பாட்டே காக்கும்.

காலமும் ஆளும்

பிரிவோர் 200 பேர் எனவும், இருவர் இருவராக மூன்று நொடிக்கு ஓரிணை வெளியேறுவதாகவும் கொள்வோம். முந்நூறு நொடிகள், அஃதாவது ஐந்து நிமிடம் ஆகும். பாட்டோ நான்கு நிமிடமாயின் இறுதி வரிசையினர் அமைதியில் நடப்பர். எனவே எவ்விடத்தும் திரும்பத் தொடங்கவும் எவ்விடத்தும் இனிது முடிக்கவும் இயலும் பாட்டு வேண்டும்.

மற்றொன்று, குழுவின் மூத்த மாணவரே அன்று பிரிவோர் வரிசையில் நடக்கின்றனர். மூன்றாண்டுப் பள்ளியாயின் குழுவில் மூன்றிலொரு பங்கினர், அதிலும் தேர்ந்தவர், இலர். எஞ்சிய இளையோர்க்கு இயலும் பாட்டே பாட்டாகும். தம்மிடம் கருவியைக் கற்ற இளையோர் தாமின்றி ஊதுவதை அம்மூத்தோர் நடந்தவாறே கேட்கின்றனர். அரிய பாட்டைத் தடுமாறி ஊதுதலினும் எளிய பாட்டைச் செவ்வனே ஊதுதலே அவர்க்குச் செய்யும் நன்றியாம்.

2020 ஆம் ஆண்டு மார்ச்சில் தொற்றுநோய் காரணமாகப் பல பள்ளிகளின் விழா சுருக்கப்பட்டது. பாடுதலும் பல இடங்களில் விடப்பட்டது. இசையற்ற அவ்விழாக்கள், செல்கைக்கு ஊதும் பாட்டு அணி மட்டுமன்று, விழாவின் உறுப்பே என்பதை உணர்த்தின.

ஆகவே யாம் கூறுவது இதுவே. முதற்கண் பிரிவோர் உள்ளத்தில் உள்ள பாட்டெது எனக் கேட்க. அடுத்து அதன் சொல் முழுவதையும் படிக்க. அதன்பின் குழுவின் மூச்சிற்கும் விழாவின் காலத்திற்கும் அது இயையுமா என நோக்குக. பெரும்பாலார் இம்முறையைத் தலைகீழாக்கி, கையிலுள்ள இசையேட்டிலிருந்து தொடங்குகின்றனர். இசையேடு எங்கும் கிடைக்கும். மூன்றாண்டு உடன் வாழ்ந்தோர் நெஞ்சில் சொல்லோடு உறையும் பாட்டு அப்பள்ளியிலன்றி வேறெங்கும் கிடைப்பதன்று.