வாயிற்காவலும் வலையமைப்பும்

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த கொலைகளை அடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நாளடைவில் ரப்பர் தோட்டக் குடியிருப்புகள் பலவற்றைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு சென்றுவிடாதபடி, பால்மரம் வெட்டச் செல்வோர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். ஆள் வெளியே போகலாம்; அரிசி போகக் கூடாது.

இன்று கணினி வலையமைப்பிலும் இத்தகைய வாயிற்காவல் உண்டு. கணினிகளை இணைக்கும் சுவிட்ச் என்னும் கருவியில் எழுதப்படும் 'அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல்' அப்பணியைச் செய்கிறது. தரவு, சிறு சிறு பொதிகளாகவே பயணம் செய்கிறது. ஒவ்வொரு பொதியும் எங்கிருந்து வருகிறது, எங்குச் செல்கிறது, எந்தச் சேவையை நாடுகிறது என்பதைச் சுவிட்ச் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

ஈப்போவில் ஒரு பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் மாணவர் கணினிக்கூடத்திற்கு மூன்று விதிகள் தேவை. முதலாவது, அலுவலக அச்சுப்பொறிக்கு அனுமதி. இரண்டாவது, அலுவலகத்தின் மற்றக் கணினிகளுக்குத் தடை. மூன்றாவது, பிற இடங்கள் அனைத்திற்கும் அனுமதி.

சுவிட்ச் இவ்விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் விதியே முடிவானது. அதற்கு அடுத்ததை அது பார்க்காது. இரண்டாம் விதி முதலில் வந்தால், அச்சுப்பொறியும் தடைபடும். 'எல்லாவற்றுக்கும் அனுமதி' என்பதை முதலில் எழுதிவிட்டால், மாணவர் பதிவுகள் உள்ள அலுவலகக் கணினிகளுக்கும் வழி திறந்துவிடும். மூன்றாம் விதியை எழுத மறந்தாலோ, இணையமே கிட்டாது. ஏனெனில், எந்த விதியிலும் அடங்காத பொதி பொதுவாகத் தடுக்கப்படும்.

ஆகவே, காவல் இருந்தால் மட்டும் போதாது. காவலுக்குரிய விதிகளின் வரிசையும் சரியாக இருத்தல் வேண்டும்.