பொம்மைப் படமும் ஒலியும்

மேசையின்மேல் களிமண் காளை ஒன்று நிற்கின்றது. அதன் உயரம் 4 அங்குலம். ஒருவர் அதன் முன்னங்காலைச் சிறிது நகர்த்தி வைத்து ஒரு படம் எடுக்கின்றார், மீண்டும் நகர்த்துகின்றார், மீண்டும் எடுக்கின்றார். இவ்வாறு எடுத்தவற்றை நொடிக்கு 24 படம் வீதம் திரையில் ஓட்டினால், காளை தானே நடப்பதுபோல் தோன்றும். ஐந்து நிமிடப் படத்திற்கு 7,200 படங்கள் தேவை. ஒவ்வொரு நிலையையும் இருமுறை எடுத்துக்கொண்டாலும், 3,600 முறை பொம்மையைத் தொட்டு நகர்த்தியாக வேண்டும்.

இத்தனை உழைப்பிற்குப் பின்னும் அக்காளை ஊமையே. நடிகர் நடிக்கும் படத்தில் அவர் பேச்சும் நடையும் படப்பிடிப்பின்போதே ஒலிவாங்கியில் விழும். பொம்மைப் படத்திலோ, நகர்த்துபவரின் பெருமூச்சைத் தவிரப் பதிவு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே, காலடி ஓசை முதல் காற்றின் இரைச்சல்வரை அனைத்தையும் ஒலி அமைப்பவர் புதிதாகப் படைத்தல் வேண்டும்.

ஊமைப் படத்திற்கு ஒலி சேர்ப்பது கோவைக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், 1905 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். பின்னர்க் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் அரங்கை அமைத்தார். ஊமைப் படக் காலத்தில் திரைக்கு அருகில் ஒருவர் நின்று கதை சொல்வதும், இசைக்கருவிகளை முழக்குவதும் வழக்கமாக இருந்தன. 1931 இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது. அதன் பின்னர்க் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் எழுந்தன. தொடக்கக் காலப் பேசும்படங்களில் நடிகர் நடித்துக்கொண்டே பாடுவார். பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் தெரியாதவாறு மறைந்திருந்து வாசிப்பர். அத்தனை ஒலியும் ஒரே நேரத்தில் பதிவாகும். ஒருவர் இருமினாலும் காட்சி முழுவதையும் மீண்டும் எடுக்க வேண்டியதுதான்!

இனி, கொங்கு நாட்டுக் கவலைக் கிணற்றைப் பற்றி ஐந்து நிமிடப் பொம்மைப் படம் ஒன்று எடுப்பதாகக் கொள்வோம். கவலை என்பது காளைகளைக் கொண்டு நீர் இறைக்கும் ஏற்றம். காளைகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, நீர் நிறைந்த சால் கிணற்றிலிருந்து மேலேறி, வாய்க்காலில் கொட்டும். காளைகள் பின்னோக்கி ஏறும்போது சால் மீண்டும் கிணற்றில் இறங்கும்.

இப்படத்தில் பேசப்படும் சொல் எதுவாயினும் அதை முதலிலேயே பதிவு செய்துவிட வேண்டும். கதையில் வரும் சிறுவன், “அப்புச்சி, தண்ணி வந்துருச்சுங்க!” என்று கூவுகின்றான். ‘அப்புச்சி’ என்னும் சொல்லைச் சொல்ல அரை நொடி ஆகுமெனின், அது 12 படங்களுக்கு நீளும். அகரத்திற்கு வாய் திறந்திருக்க வேண்டும், பகர மெய்க்கு இதழ்கள் மூடவேண்டும், ‘பு’வுக்குக் குவியவேண்டும், ‘ச்சி’க்குப் பல் தெரிய வேண்டும். எந்த ஒலி எத்தனையாவது படத்தில் விழுகின்றது என்பதைப் பதிவைக் கேட்டுக் கேட்டு அட்டவணை எழுதிக்கொண்ட பின்னரே பொம்மையின் வாயில் கை வைக்கலாம். இதழ் மூடாமல் ‘ப்’ ஒலித்தால், காண்போர்க்குக் காரணம் தெரியாது. ஆயினும் அச்சிறுவன் பேசுவதாக அவர்கள் நம்பமாட்டார்கள்.

பேச்சைத் தவிர்த்த ஏனைய ஓசைகள் படம் முடிந்தபின் சேர்க்கப்படும். திரையைப் பார்த்துக்கொண்டே கையாலும் காலாலும் ஓசை எழுப்பிப் பதிவு செய்யும் கலையை அமெரிக்காவில் வளர்த்தவர் ஜாக் போலி என்பவர். இன்றும் அவ்வேலை அவர் பெயராலேயே வழங்குகின்றது. நனைந்த மண்ணைத் துணியில் பொதிந்து கையால் அழுத்தினால், சேற்றில் காளை கால் வைக்கும் ஓசை பிறக்கும். முறத்திலிருந்து சோளத்தைத் தாளின்மேல் சிதறவிட்டால் தூறல் கேட்கும்.

இங்கே கண்ணை ஏமாற்றும் விந்தை ஒன்று உண்டு. ஒரு பொருளின் எடையைக் கண் மட்டும் அறிவதில்லை. காதும் கூடவே அறிகின்றது. களிமண் காளையின் காலடிக்கு ‘டக்’ என்ற மெல்லிய ஓசையை வைத்தால் அது விளையாட்டுப் பொருளாகவே நிற்கும். ஆழ்ந்த, கனத்த ஓசையை வைத்தால் அதே 4 அங்குலப் பொம்மை வண்டியிழுக்கும் காளையாகிவிடும். 1933 இல் வெளிவந்த ‘கிங் காங்’ படத்தின் மாபெருங் குரங்கு, வில்லிஸ் ஓபிரையன் என்பார் நகர்த்தி நகர்த்தி எடுத்த சிறு பொம்மைதான். அதன் உறுமலுக்காக மர்ரே ஸ்பிவாக் என்னும் ஒலி அமைப்பாளர் சிங்கம், புலி ஆகியவற்றின் முழக்கங்களைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்தும் பின்னிருந்து முன்னாக ஓட்டியும் கலந்தார். பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஒலி இருமடங்கு நேரம் நீளும். சுருதியும் ஒரு தாயி, அதாவது மேற்சட்சத்திலிருந்து கீழ்ச்சட்சத்திற்கு, இறங்கிவிடும். ஒலி கனப்பது இதனால்தான்.

கவலையின் உருளை எழுப்பும் கிறீச்சொலிக்கு என்ன செய்வது? இக்காட்சியில் கடினமான வேலை இதுவே. 1932 இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், மின்சாரம் கோவை மாவட்டத்து ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் வந்தது. கோவையிலேயே மோட்டாரும் பம்பும் செய்யப்பட்டன. காளைகள் செய்த வேலையை அவை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டன. உழவருக்கு அது பெரும் நன்மை; ஆனால் விடியற்காலையில் தோட்டந்தோறும் எழுந்த உருளையின் ஒலி அடங்கிவிட்டது. அதைப் பதிவு செய்யப் போனால் இயங்கும் கவலை எளிதில் அகப்படாது. பழைய வீட்டுக் கதவின் குடுமி சுழலும் ஓசையைக் கொண்டு ஒருவாறு அமைக்கலாம். அது சரியாக இருக்கின்றதா என்று சொல்லத்தக்கவர், இளமையில் கவலை ஓட்டிய முதியவர் ஒருவரே. ‘வடம் இழுபடும்போது ஒரு விதமாகவும், தளரும்போது வேறு விதமாகவும் கத்தும்’ என்பது போன்ற நுட்பத்தை எந்த நூலிலும் காண இயலாது. அவரைக் கேட்டு அமைத்தால் அது கவலை. கேளாமல் அமைத்தால் வெறுங் கதவு.

எல்லாம் தனித்தனியே பதிவானபின், பேச்சு, ஓசை, இசை என மூன்று வரிசைகளாக நிறுத்திக் கலக்கின்றனர். முற்காலத்தில் பல சுருள்களை ஒருங்கே ஓட்டிக் கலந்தனர். தவறு நேர்ந்தால் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஓட்டினர். இப்பொழுது கணிப்பொறி அத்தொல்லையைத் தீர்த்துவிட்டது. ஆயினும் எதை உயர்த்துவது, எதைத் தாழ்த்துவது என்பதைக் காதுதான் முடிவு செய்யவேண்டும். வல்லோசை மெல்லோசையை மறைக்கும். சுருதி ஒத்த ஓசைகள் பெரிதும் மோதும். சால் கொட்டும் நீரில் எல்லாச் சுருதிகளும் கலந்திருப்பதால், அது சிறுவனின் கூவலை விழுங்கிவிடும். அவன் வாய் திறக்கும்போது நீரைத் தாழ்த்தவேண்டும், புல்லாங்குழலை நிறுத்தவேண்டும்.

காலப் பொருத்தமும் இன்றியமையாதது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், ஒரு படம் ஓடும் நேரத்தில் 14 மீட்டரே கடக்கும். அரங்கின் பின்வரிசையில் இருப்பவர் ஒலியைச் சற்றுப் பிந்தியே கேட்கின்றார்; அது இயற்கை. காளையின் கால் மண்ணில் படுமுன் ஓசை முந்திவிட்டாலோ, பொய் உடனே வெளிப்பட்டுவிடும்.

ஒன்றும் ஒலிக்காத இடத்திலும் வெறுமையை விடலாகாது. காற்றும், தொலைவில் கத்தும் மயிலும் தோட்டத்து அமைதியில் உண்டு. அதையும் தனியே பதிவு செய்து காட்சியின் அடியில் பரப்புவர். கதையின் இறுதியில் மோட்டாரின் விசை போடப்படுகின்றது. பேச்சு நிற்கின்றது, இசை நிற்கின்றது, மோட்டாரின் ஒரே சீரான முரலல் மட்டும் கேட்கின்றது. அதன் அடியில், காது கொடுப்பவர்க்கு மட்டும் கேட்கும் அளவில், உருளையின் கிறீச்சொலியை மூன்று நொடி வைத்துப் பின் எடுத்துவிடுகின்றார் ஒலி அமைப்பவர்.